மேடைப் பேச்சு: வரமா, பயிற்சியா?

பேச்சாற்றல் பிறவியிலேயே வாய்க்கும் கொடை என்பது நம்மவரிடையே ஊறிப்போன எண்ணம். தமிழ் மேடையின் வரலாறோ அதற்கு மாறான செய்தியைச் சொல்கிறது.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் முதன்முதலாகச் சைவப் பிரசங்கம் நிகழ்த்தினார். பின்னாளில் ஆறுமுக நாவலர் எனப் போற்றப்பட்டவர் அவரே. புராணம் படித்துப் பயன் சொல்லும் மரபு கோயில்களில் முன்னரும் இருந்தது. ஆயினும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எளிய உரைநடையில், கூடியிருப்போர் அனைவருக்கும் விளங்கப் பேசும் முறை அங்கே புதிது. மெதடிஸ்தப் பாதிரியார் பீற்றர் பேர்சிவலிடம் பணியாற்றியபோது நாவலர் அம்முறையை அருகிருந்து கண்டவர். மெதடிஸ்த சபையில் பிரசங்கியாக விரும்புவோர் முதலில் சோதனைப் பிரசங்கம் செய்ய வேண்டும்; மூத்தோர் கேட்டுக் குறைநிறை கூறுவர்.

நாவலரும் ஒருநாள் பேச்சோடு நிற்கவில்லை. வெள்ளிதோறும் பிரசங்கம் தொடர்ந்தது. அவரும் கார்த்திகேய ஐயரும் மாறி மாறிப் பேசினர். ஒருவர் பேச மற்றவர் கேட்கும் இந்த ஏற்பாட்டினும் சிறந்த பயிற்சிக்கூடம் வேறெது? 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ பட்டம் வழங்கியது.

அந்த மரபு கடல் கடந்தது. யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையிடம் சென்னையில் தமிழ் கற்றவர் திரு.வி.க. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபின் ஆலைத் தொழிலாளரிடையே தமிழில் முழங்கியவர் அவர்.

1920களில் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் மேடைத் தமிழை இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றார். அங்கே துரையின் அனுமதியின்றி வெளியார் லயத்துக்குள் நுழைவது குற்றம். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார், தொழிலாளர் அறிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். நீண்ட சொற்பொழிவு எட்டாத காதுகளைப் பாட்டு எட்டியது. கேட்போரின் முகம் பார்த்துத் தன் முறையைத் திருத்திக்கொள்வதும் பேச்சுக்கலையே.

ஆனால் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் மேடைக்குக் கீழேயே நின்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் வாக்குரிமையையும் பறித்தன. 1947க்குப்பின் மலையகத் தமிழர் ஒருவர் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் புக 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. பேசுவதற்கு ஓர் அவை இல்லாத சமூகம் பேச்சை எங்கே பழகும்?

நுவரெலியாவுக்கேனும் ஆட்பலம் உண்டு. இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையிலுள்ள ஓப்பநாயக்க போன்ற இடங்களில், தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறி வாழும் சிறுபான்மையினர். களனிப் பள்ளத்தாக்கு இரயில் பாதை ஒருகாலத்தில் அங்கேதான் முடிந்தது. வீட்டுக் காணியோ, கூலியோ, பாடசாலைக்கு ஆசிரியரோ, எதைக் கேட்பதானாலும் அங்குள்ளோர் அதிகாரிமுன் தாமே எழுந்து பேச வேண்டும்.

தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிகள் நம் பாடசாலைகளில் ஆண்டுதோறும் நடக்கின்றன; நல்லதே. ஆனால் ஆசிரியர் எழுதியதைப் பிள்ளை மனனம் செய்து ஒப்பிப்பதும், நடுவர் புள்ளி இட்டுவிட்டு எழுந்து போவதும் வழக்கமாகிவிட்டன. எங்கே தவறினோம் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். பேசுபவர் அவ்விடத்தில் குரலைத் தாழ்த்தினால், ‘தந்தார்கள்’ என்றாரா, ‘தரவில்லை’ என்றாரா என்பதே கேட்போருக்குப் புலப்படாது. பேசுபவர் இதைத் தாமாக உணரமாட்டார். எதிரே இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ பத்துப் பேர் கூடட்டும். தம் தோட்டத்துச் செய்தியையே ஒருவர் ஐந்து நிமிடம் பேசட்டும். கேட்டவர் மூன்று விடை கூறட்டும்: மனத்தில் நின்றது எது, விளங்காதது எது, காதில் விழாதது எது. அடுத்த வாரம் அதே பேச்சைத் திருத்திப் பேசட்டும். வண்ணார்பண்ணையில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே.

தொழிலாளருக்காகப் பிறர் பேசிய காலம் நீண்டது. அவர்தம் பிள்ளைகள் தாமே பேச வேண்டிய காலம் இது.