கதிரியக்கம் விலகிய விதை ஆய்வுக்கூடம்

பயிர்களின் டி.என்.ஏ.வில் அடையாளம் தேடிய முதல் முறை, நொதி வெட்டும் துண்டுகளின் நீள வேறுபாட்டைப் பார்க்கும் ஆர்.எஃப்.எல்.பி. மனித மரபணு வரைபடத்துக்காக 1980-இல் முன்வைக்கப்பட்ட இந்த முறையில் நெல்லின் வரைபடம் 1988-இல் வெளியானது. நோய் எதிர்ப்பு மரபணுவை ஒட்டியிருக்கும் அடையாளம் தெரிந்தால், நோய் வரும்வரை காத்திராமல் நாற்றிலேயே செடியைத் தேர்ந்துவிடலாம்.

அந்த அடையாளத்தைக் கண்ணுக்குக் காட்டியது பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்கப் பொருள். நொதியால் வெட்டிய டி.என்.ஏ.வை ஜெல்லில் பிரித்து, நைலான் சவ்வுக்கு மாற்றி, கதிரியக்கம் ஏற்றிய டி.என்.ஏ. துண்டை அதில் ஒட்டவிட்டால் எக்ஸ்-ரே ஃபிலிமில் கோடுகள் விழும். அக்ரிலிக் தடுப்பு, உரிமம், கழிவைப் பூட்டிவைக்க இடம் என்று எல்லாம் தேவைப்பட்டன. பாஸ்பரஸ்-32-இன் அரை ஆயுளோ சுமார் 14 நாள்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கூடத்தில், பொட்டலம் சுங்கத்தில் இரண்டு வாரம் கிடந்தால் பாதி போய்விடும். நெல்லும் மக்காச்சோளமும் விளையும் நாடுகளுக்குக் கதிரியக்கத்தின் ஆபத்தைப் போலவே இந்தத் தேய்மானமும் பெரும் தொல்லை.

மாற்றாக வந்தது டிஜாக்சிஜெனின். டிஜிடாலிஸ் செடிகளில் மட்டுமே காணப்படும் பொருள் என்பதால், அதைத் தேடும் எதிர்ப்பொருள் வேறு பயிரின் டி.என்.ஏ.வில் தவறிப்போய் ஒட்டாது. எதிர்ப்பொருளோடு பிணைந்த நொதி நிறத்தையோ ஒளியையோ தரும். இந்த அடையாளம் ஏற்றிய துண்டை உறைநிலையில் மாதக்கணக்கில் வைத்து மீண்டும் பயன்படுத்தலாம். மெக்சிகோவிலுள்ள மக்காச்சோள, கோதுமை ஆய்வு நிறுவனமான சிம்மிட் இத்தகைய முறையைத் தன் ஆய்வகக் கையேட்டில் சேர்த்தது.

1990-களில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறை பரவியபின் இலைத்துணுக்கே போதுமானதாயிற்று. ஆனால் பி.சி.ஆர். சார்ந்த ஏ.எஃப்.எல்.பி., மைக்ரோசாட்டிலைட் ஆய்வுகள் சிலவற்றில் கதிரியக்கம் தொடர்ந்தது. வெள்ளி நைட்ரேட்டால் நிறமேற்றும் முறை அதை விலக்கியது. நஞ்சு அதோடு தீர்ந்துவிடவில்லை. ஜெல் செய்யப் பயன்படும் அக்ரிலமைடு இறுகாத நிலையில் நரம்பைக் கெடுக்கும்; சாயமான எதிடியம் புரோமைடு டி.என்.ஏ.விலேயே புகுந்து ஒட்டும். துண்டுகளின் நீள வேறுபாடு பெரிதாக இருந்தால் அக்ரிலமைடை விட்டு அகரோஸ் ஜெல்லுக்கு மாறலாம். எதிடியத்துக்குப் பதிலாகச் சைபர் சேஃப் போன்ற சாயங்கள் வந்தன.

இலைக்கருகல் நோயைத் தாங்கும் மேம்பட்ட சம்பா மசூரி நெல் இந்தப் பி.சி.ஆர். வழியில் உருவானது. ஹைதராபாத் நிறுவனங்கள் இரண்டு சேர்ந்து எக்ஸ்.ஏ.21 உள்ளிட்ட மூன்று எதிர்ப்பு மரபணுக்களை அதில் சேர்த்தன. பின்னாளில் டி.என்.ஏ.வின் ஒற்றை எழுத்து வேறுபாட்டை ஒளிரும் சாயத்தால் படிக்கும் முறைகள் வந்தபோது, ஜெல்லே தேவைப்படாமல் போயிற்று.