டார்ட்ஸ் "பார்" விளையாட்டா? அலுமாரிக்குள் இருக்கும் ஒரு போர்டின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தார். போவதற்கு முதல் நாள் ஒரு டார்ட்ஸ் போர்டையும் ஆறு அம்புகளையும் கொண்டுவந்து, "சேர், நம்ம ஸ்கூல் பிள்ளைகளுக்கு வச்சிக்கோங்க" என்று தந்துவிட்டுப் போனார். எனக்கு நல்ல சந்தோசம். பட்டிப்பொலயில் வருசத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியும். மிச்ச நாளில் பந்தை ஓங்கி அடித்தால் அது மலைச்சரிவில் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு அறை, ஒரு சுவர் போதும் என்றிருக்கும் விளையாட்டு நமக்குப் பொருத்தம்தானே என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் பேச்சு வந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "சேர், அது தண்ணி அடிக்கிற எடத்துல, காசு கட்டி ஆடுறதுதானே? நீங்களே இத பிள்ளைகளுக்குப் படிச்சிக் குடுக்கலாமா?" தொப்பி போட்ட வாத்தியாரிடம் கேட்கவேண்டிய கேள்விதான். நான் பதில் சொல்லவில்லை. போர்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இதன் வரலாற்றைத் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். வாசித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். பெரியவர் சொன்னதில் பாதி உண்மை, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

டார்ட்ஸ் வளர்ந்தது இங்கிலாந்தின் மதுக்கடைகளில்தான். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் பொழுதுசாயக் கூடும் இடம் அது. அங்கே ஒரு பழைய கதை உண்டு. 1908ல் லீட்ஸ் நகரத்தில் ஒரு மதுக்கடைக்காரர் மேல் வழக்கு: அதிர்ஷ்ட விளையாட்டை, அதாவது சூதை, கடையில் நடத்தினார் என்று. அவர் நீதிமன்றத்துக்கே ஒரு போர்டைக் கொண்டுவரச் செய்து, ஊரில் கைதேர்ந்த ஒருவரை எறியவிட்டாராம். மூன்று அம்பும் 20ல். அதே மாதிரி எறிய முயன்ற நீதிமன்ற எழுத்தரால் முடியவில்லை. "இது அதிர்ஷ்டமில்லை, திறமை" என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள் என்பது கதை. நீதிமன்றப் பதிவில் இதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் இந்தக் கதையை அந்த ஆட்டக்காரர்கள் நூறு வருசமாகச் சொல்லி வருகிறார்கள். சூதா திறமையா என்ற கேள்வி அவர்களையும் உறுத்தியிருக்கிறது!

போர்டைப் பார்த்தாலே விடை தெரியும். உச்சியில் 20. அதற்கு இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 1. கை விரலகலம் பிசகினால் இருபதுக்குப் பதில் ஒன்று கிடைக்கும். குருட்டாம்போக்கில் எறிகிறவனுக்குத் தண்டனை, குறி வைக்கிறவனுக்குக் கூலி. நம்முடைய மார்க்கத்தில் அம்பெய்தலை ஏன் ஊக்குவித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு மேல் நான் ஃபத்வா கொடுக்க ஆளில்லை.

சரி, அந்தப் போர்ட் எதனால் ஆனது தெரியுமா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

முந்தியெல்லாம் எல்ம் மரப் பலகை. அம்பு குத்திக் குத்தித் துளை விழும். துளை மூடுவதற்கு இரவில் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். 1930களில்தான் சிசல் என்ற கற்றாழை இன நார் வந்தது. நாரை நெருக்கிக் கட்டி அமுக்கிச் செய்த போர்டில் அம்பை இழுத்தால் துளை தானாக மூடிக்கொள்ளும். அந்தச் சிசல் எங்கே விளைந்தது? கிழக்காபிரிக்காவில், நம்முடைய தோட்டங்களைப் போலவே வெள்ளைக்காரர்கள் போட்ட பெரிய தோட்டங்களில். இன்றைக்கும் நோடர், வின்மாவ் என்ற பிரித்தானியப் பெயர்களில் வரும் போர்டுகள் கென்யாவில் செய்யப்படுகின்றன. கென்யாவிலும் தேயிலை உண்டு, நமக்குத் தெரியும். ஆக, அங்கே ஒருவன் வேலை முடிந்து வந்து குடித்த தேத்தண்ணி நம் மலையிலிருந்து போயிருக்கலாம். அவன் அம்பு எறிந்த போர்ட் இன்னொரு தோட்டத்துச் சனத்தின் கையிலிருந்து போனது. இரண்டு பேரும் அந்த அறைக்குள் போகவில்லை.

இந்த இடத்தில்தான் கதை எனக்கு நெருக்கமாகிவிட்டது.

1978ல் முதலாவது உலகத் தொழில்முறைச் சம்பியன் போட்டி நொட்டிங்ஹாமில், ஒரு இரவு விடுதியில் நடந்தது. ஆட்டக்காரர்கள் 16 பேர். வென்றவர் வேல்ஸ் நாட்டு லெய்ட்டன் ரீஸ், பரிசு 3,000 பவுண். பணம் போட்டது ஒரு சிகரட் கம்பனி. மேடையிலேயே குடித்துக்கொண்டும் புகைத்துக்கொண்டும் ஆடினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த முதல் வருசமே அரையிறுதிக்கு வந்த நால்வரில் ஒருவர் சுவீடன்காரர், ஸ்டெஃபான் லோர்ட். இன்னொருவர் அமெரிக்காவுக்காக ஆடிய நிக்கி விராச்குல், பிறந்தது தாய்லாந்தில். "இப்போதுதான் வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள்" என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். திறமை ஆரம்பத்திலிருந்தே வெளியிலும் இருந்தது. டிக்கட்டுக்குக் காசு இருந்தவன் வந்தான், இல்லாதவன் வரவில்லை.

பிறகு 1990. எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்: போல் லிம். சிங்கப்பூரில் பிறந்தவர், தொழில் சமையல். பப்புவா நியூ கினிக்கும் ஆடினார், அமெரிக்காவுக்கும் ஆடினார், பின்னால் சிங்கப்பூருக்கும் ஆடினார். பிழைப்பு போன வழியில் கொடியும் மாறியது. நம் வீடுகளிலும் அப்படி எத்தனை பேர்!

டார்ட்ஸில் 501ல் தொடங்கி, எடுக்கிற புள்ளிகளைக் கழித்துக் கழித்துச் சரியாகப் பூச்சியத்தில் முடிக்கவேண்டும். கடைசி அம்பு விளிம்பிலுள்ள இரட்டை வளையத்தில் விழவேண்டும். ஆகக் குறைந்தது ஒன்பது அம்பு தேவை. உலகச் சம்பியன் போட்டி மேடையில் அதை முதன்முதலில் செய்து காட்டியவர் இங்கிலாந்துக்காரர் இல்லை, போல் லிம்தான். 180, பிறகு 180, மீதி 141: 60, 57, 24. அதற்குக் கிடைத்த விசேட பரிசு 52,000 பவுண். அந்த வருசம் போட்டியையே வென்ற ஃபில் டெய்லருக்கு 24,000! இதை வகுப்பில் சொன்னபோது பின்வரிசைப் பையன்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

2017 டிசம்பரில், 63 வயதில், ஒரு உலகப் போட்டியில் எட்டு அம்பு சரியாகப் போய், கடைசி அம்பு அதே இரட்டை 12ஐ உரசிக்கொண்டு தவறியது. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அதை யூடியூபில் பார்க்கலாம், பாருங்கள்.

இடையில் இந்த விளையாட்டு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. 1980களின் கடைசியில் தொலைக்காட்சிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. வயிறு பெருத்தவர்கள் குடித்துவிட்டு எறியும் கூத்து என்று நாடகக்காரர்கள் கேலி செய்தார்கள். பெரியவர் தேத்தண்ணிக் கடையில் சொன்னதைத்தான் அவர்கள் ஊர்க்காரர்களே சொன்னார்கள்! அப்போதுதான் மேடையில் மதுவையும் சிகரட்டையும் நிறுத்தினார்கள். பிழைப்புப் போய்விடும் என்று பயந்த முன்னணி ஆட்டக்காரர்கள் பழைய சங்கத்தைவிட்டுப் பிரிந்து சொந்த அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். இன்றைக்கு பீ.டி.சீ. என்று அழைக்கப்படுவது அதுதான். சண்டை நீதிமன்றம் வரை போய் 1997ல் ஓய்ந்தது. அந்தச் சண்டை முழுவதையும் எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

உலகம் உள்ளே வந்தது இப்படி: 1994ல் கனடாவின் ஜோன் பார்ட் பிரித்தானியர் அல்லாத முதல் உலகச் சம்பியன் ஆனார். 1998ல் நெதர்லாந்தின் ரேமண்ட் வான் பார்னவெல்ட். ஹேக் நகரத்துத் தபால்காரர் அவர். ஒரு தபால்காரர் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாடு முழுக்க பிள்ளைகள் போர்ட் மாட்ட ஆரம்பித்தார்கள். அந்தத் தலைமுறையில் வந்தவர்தான் மூன்று தடவை உலகச் சம்பியனான மைக்கேல் வான் கேர்வன். ஜப்பானில் வேறு பாதை. அங்கே பிளாஸ்டிக் முனை அம்பும், புள்ளியைத் தானே எண்ணும் மின்னணு இயந்திரமும். அந்த நாட்டு மிகுரு சுசுகி 2019லும் 2020லும் பெண்கள் உலகப் பட்டத்தை எடுத்தார். 2019 டிசம்பரில் ஃபலன் ஷெரொக் என்ற பெண் ஆண்களோடு சேர்ந்து ஆடும் உலகப் போட்டியில் ஒரு ஆணை வென்ற முதல் பெண் ஆனார். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரம், உடல்பலம் எதுவும் இங்கே பெரிதில்லை.

ஆனால் ஒன்றிரண்டு வீரர்கள் வெல்வதால் மட்டும் கதவு திறப்பதில்லை. பீ.டி.சீ. உலகப் போட்டியில் இடங்கள் 72 ஆக இருந்து, 2018 டிசம்பரில் தொடங்கிய போட்டிக்கு 96 ஆகின. ஆசியாவுக்கென்று தனிச் சுற்றுப்போட்டி வந்தது. ஆபிரிக்கா, இந்தியா என்று தகுதிகாண் வழிகள் வந்தன. 2025 டிசம்பரில் இடங்கள் 128, வெல்பவருக்கு பத்து இலட்சம் பவுண். சும்மா தர்மத்துக்குச் செய்யவில்லை, புதுச் சந்தை வேண்டும் என்பதற்காகவும்தான். இருக்கட்டும். கதவு கதவுதான்.

இந்தியாவின் நிதின் குமார் அந்த 2018 டிசம்பரில் முதன்முதலாகப் போய், ஒரு செட்டும் எடுக்காமல் தோற்று வந்தார். திரும்பவும் போனார், திரும்பவும் தோற்றார். 2025 டிசம்பரில் நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2 என்று வென்றார். அந்தப் போட்டியில் ஒரு இந்தியர் வென்ற முதல் ஆட்டம் அது. ஏழு வருசம்.

அதே போட்டிக்கு டேவிட் முன்யுவா என்றொருவரும் வந்திருந்தார். தொழிலால் மிருக வைத்தியர். அந்த மேடையில் ஆடிய முதல் கென்யர். எதிரே பெல்ஜியத்தின் மைக் டி டெக்கர், பெரிய பட்டம் எடுத்தவர். முன்யுவா 0-2 என்று பின்னால் கிடந்து, 3-2 என்று வென்றார். போர்டைச் செய்து அனுப்பிய நாட்டிலிருந்து ஒருவர் அதன் முன்னால் வந்து நிற்க இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. அதை வாசித்த இரவு நான் நேரத்தோடு தூங்கவில்லை.

"சேர், அதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்பீர்கள். சரி, நம் நாட்டுக்கு வருவோம். எந்த விளையாட்டிலும் இலங்கைக்கு முதல் உலகச் சம்பியன் யார்? தரம் 9ல் கேட்டேன். "1996 கிரிக்கட்" என்றார்கள். இல்லை. 1973ல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் வென்ற எம்.ஜே.எம். லாபிர். ஒரு முஸ்லிம். பில்லியட்ஸும் துரைமார் கிளப்பில் மதுக் கோப்பையோடு ஆடிய ஆட்டம்தான். நுவரெலியா ஹில் கிளப்பில் இன்றும் பில்லியட்ஸ் அறை இருக்கிறது. அந்த மேசையில் நம் ஆள் உலகத்தை வென்றார், நம் பிள்ளைகளுக்கு அவர் பேர் தெரியவில்லை. அதில் என்னுடைய குற்றமும் உண்டு. பதினெட்டு வருசமாக வரலாறு படிப்பிக்கிறேன்.

கரம் எதிர்த் திசையில் போன விளையாட்டு. நம் பக்கத்திலிருந்து வெளியே போனது. சர்வதேசக் கரம் சம்மேளனம் 1988ல் தொடங்கப்பட்டது சென்னையில். முதல் உலகச் சம்பியன் சென்னைத் தமிழர் மரிய இருதயம், 1991ல். 2012ல் கொழும்பில் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ வென்றார். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் மூன்று தங்கம் எடுத்த காசிமா, வடசென்னையில் ஓட்டோ ஓட்டுகிறவரின் மகள். லயத்து வீடுகளிலும் கரம் போர்ட் இருக்கிறது. அதிலும் காசு வைத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்காக நாம் கரத்தை விலக்கவில்லை.

போர்ட் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. அம்பு கூர், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது என்று ஒரு தாய் சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது. தரம் 8க்கு மேல் மட்டும், ஆசிரியர் நிற்கும்போது மட்டும், காசுப் பேச்சே இல்லை, புள்ளியைப் பிள்ளைகளே மனக்கணக்கில் கழிக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தரையிலிருந்து நடுப்புள்ளி 5 அடி 8 அங்குலம், எறியும் கோடு 7 அடி 9¼ அங்குலம். பழைய ஆய்வுகூட அறையின் பின்சுவரில் அளந்து பென்சிலால் கோடும் போட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை பின்னேரம் 3 மணிக்குப் பெற்றோர் கூட்டம். அலுமாரிச் சாவியைக் கொண்டுவருவேன். வேண்டாம் என்று முடிவெடுத்தால் கட்டார்த் தம்பியிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன், மனவருத்தம் இல்லை. அந்தப் பெரியவரும் கட்டாயம் வரவேண்டும். வரும்போது எல்லோரும் ஒரு கணக்கை யோசித்துக்கொண்டு வாருங்கள்: 170 மிச்சம், மூன்று அம்பு. நடுப்புள்ளிக்கு 50, அதுவும் இரட்டையாகத்தான் கணக்கு. எப்படி முடிப்பீர்கள்?