மாமா அடிச்ச பிராக்கெட்: இது யாரோட வண்டி?

இன்னைக்கு எபிசோட் ஒரு குடும்ப வாக்குவாதத்துல ஆரம்பிக்குது.

செம்பட்டியில எங்க வீட்டு வாசல்ல புது காருக்குப் பூஜை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. "என்ன இருந்தாலும் ஃபாரின் வண்டி ஃபாரின் வண்டிதான்"னு அப்பா பெருமையா சொன்னார்.

பக்கத்துல என் தாய்மாமா. ஒரகடம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில பன்னிரண்டு வருஷம் பிரஸ் ஆபரேட்டரா இருந்தவர். குனிஞ்சு, சீட்டுக்கு அடியில கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "மச்சான், இந்த பிராக்கெட் எங்க ஷாப்புல அடிச்சது. இது எப்படி ஃபாரின் வண்டி?"

"பேரு யாரோடது மாப்ள? அதைப் பாரு" என்றார் அப்பா.

ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. இந்தக் கேள்வி புதுசும் இல்ல. இந்திய அரசாங்கமே இதுக்கு ஒரு தடவை தீர்ப்பு சொல்லியிருக்கு.

1928லயே ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில கார் பூட்ட ஆரம்பிச்சது. ஃபோர்டும் வந்தது. பாகங்கள் பெட்டி பெட்டியா கப்பல்ல வரும், இங்க போல்ட் போட்டு முறுக்குவாங்க. சுதந்திரம் வந்ததும் நம்ம மெட்ராஸ்லயும் அதேதான். 1948ல தொடங்கின அசோக் மோட்டார்ஸ் எண்ணூர்ல ஆஸ்டின் ஏ40 பூட்டினாங்க. அதுதான் பின்னாடி அசோக் லேலண்ட் ஆச்சு. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, பிரிட்டிஷ் வேன்கார்டு காரைப் பூட்டினாங்க.

1953ல டாரிஃப் கமிஷன் ஒரு கோடு போட்டது. பூட்டுறது மட்டும் உற்பத்தி ஆகாது; பாகங்களைப் படிப்படியா இங்கயே செய்ய யாருக்குத் திட்டம் இருக்கோ, அவங்க மட்டும் இருக்கலாம். அரசாங்கமும் அதை ஏத்துக்கிச்சு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டினாங்க. அப்போ அரசாங்கம் பார்த்தது கார் மேல இருக்கிற பேரை இல்ல, பாகம் எங்க செய்யுதுங்கிறதை. அந்தக் கணக்குல மாமா ஜெயிச்சார்.

ஆனா என்னைப் பொறுத்தவரை கதை அதோட முடியல. என் தொழில்ல இருந்து ஒரு உதாரணம் சொல்றேன். யாரோ எழுதின ஓப்பன் சோர்ஸ் கோடை அப்படியே எடுத்து ஓட்டறது ஒண்ணு. அதை ஃபோர்க் பண்ணி, நாமே திருத்தி, நாமே பராமரிக்கிறது இன்னொண்ணு. எழுதினவர் நாளைக்குக் கைவிட்டுட்டுப் போனாலும் ரெண்டாவது ஓடும்.

புல்லட் அப்படி ஒரு ஃபோர்க். 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க. முதல்ல கிட் வந்தது, இங்க பூட்டினாங்க. பாகம் செய்யற டூலிங்கும் இங்க வந்துச்சு. 1962க்குள்ள எல்லாப் பாகமும் இங்கயே. அப்புறம் இங்கிலாந்துல 1970ஓட அந்தக் கம்பெனி உற்பத்தியையே நிறுத்திட்டாங்க. ஆனா திருவொற்றியூர்ல புல்லட் ஓடிட்டே இருந்தது. 1977ல இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு!

ஸ்டாண்டர்டு ஹெரால்டும் கொஞ்ச தூரம் அப்படிப் போச்சு. இங்கிலாந்து ஹெரால்டுல நாலு கதவு மாடலே கிடையாது. அதைச் செஞ்சது மெட்ராஸ். அங்க 1971ல ஹெரால்டு நின்னதும், அடுத்த வருஷம் அதையே மாத்தி 'கேஸல்'னு இங்க விட்டாங்க.

பேரை மட்டும் நம்புறவங்களுக்கு ஒரு கதை. நம்ம அம்பாசடர், பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான். ஆனா அதை யாரும் ஃபாரின் வண்டின்னு சொன்னதில்ல. 2014ல உற்பத்தி நின்னுச்சு. 2017ல அம்பாசடர்ங்கிற அந்தப் பேரை 80 கோடிக்கு வாங்கினது ஃபிரான்ஸோட பெஜோ.

அடுத்தது மறைமலைநகர். திரும்பி வந்த ஃபோர்டு அங்க என்ஜினே செஞ்சாங்க, ஏற்றுமதியும் பண்ணினாங்க. 1953 கணக்குப்படி அது உள்ளூர் வண்டிதான். ஆனா 2021ல இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க, 2022 ஜூலையில கடைசி கார் வெளிய வந்தது. செய்யற கை இங்க இருந்தது, நிறுத்தற கை அமெரிக்காவுல.

அதனால நான் ரெண்டு கேள்வி கேட்பேன். பாகம் எங்க செய்யுது? உடமைக்காரர் கிளம்பினா வண்டி நிற்குமா, ஓடுமா? முதல் கேள்விக்கு மட்டும் பதில் இருந்தா அது 'இங்க செஞ்சது'. ரெண்டுக்கும் இருந்தாத்தான் 'நம்மது'.

பூஜை முடிஞ்சதும் மாமாகிட்ட இதைச் சொன்னேன். அவர் வேலை பார்த்த கம்பெனியில ஒரு மாடல் நின்னப்போ அவரோட லைனும் நின்னுச்சு. இப்போ செம்பட்டியில வெல்டிங் பட்டறை வச்சிருக்கார். கொஞ்ச நேரம் பேசல.

"நிறுத்தினது யாருன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுடா. ஆனா அடிச்சது நான்தான்."

அப்பாகிட்ட இருந்து சாவியை வாங்கி, முதல் ரவுண்டு மாமாவையே ஓட்டச் சொன்னேன். எலுமிச்சம்பழம் நசுங்குற சத்தம் கேட்டுச்சு.

உங்க வீட்லயும் இப்படி ஒரு பாகம் செஞ்ச ஆள் இருந்தா, அவங்ககிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.