கிண்டி விடுதி முதல் வல்லம் வடகால் வரை

1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கேட்ட லலிதா என்ற பெண்ணுக்கு வயது இருபது. பதினைந்தில் கல்யாணம், பதினெட்டில் கைம்பெண், கையில் சியாமளா என்ற குழந்தை. டாக்டருக்குப் படிக்கலாம்தான். நடுராத்திரியில் ஆள் வந்து கூப்பிட்டால் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டுமே என்று யோசித்தார். குறித்த நேரத்துக்குப் போய் வரும் வேலையாக இருக்கட்டும் என்று மின்பொறியியலைத் தேர்ந்தெடுத்தார்.

அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசினார், பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டாதமின் அனுமதியும் கிடைத்தது. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண்.

லலிதாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவருடைய சான்றிதழைச் சொல்வார்கள்: அச்சடித்த படிவத்தில் ஆணுக்கு உரிய சொல்லே இருந்ததால், அதைப் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள். அதைவிட முக்கியமானது ஒரு விளம்பரம். மகள் விடுதியில் தனியாகத் தவிப்பதைப் பார்த்த சுப்பாராவ், கிண்டியில் பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் வர ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டே லீலம்மா ஜார்ஜும் பி.கே.திரேசியாவும் கட்டுமானப் பொறியியலில் வந்து சேர்ந்தார்கள். அனுமதி கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அந்தத் தகப்பன் நினைக்கவில்லை. துணையும் தேடிக் கொடுத்தார். லலிதா கல்கத்தாவில் ஏ.இ.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து பக்ரா நங்கல் அணைக்கான மின் பணிகளில் பங்கெடுத்தார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

கிண்டியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஸ்ரீபெரும்புதூர் தொலைவில்லை. அந்தப் பக்கத்துக்கு 1996-இல் ஹூண்டாய் வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. 2006-இல் நோக்கியாவின் செல்போன் ஆலை. கிராமத்துப் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்டுக்குப் போவது அப்போதுதான் பெருகியது. 2014-இல் நோக்கியா ஆலை மூடப்பட்டது. பிறகு வந்த செல்போன் ஆலைகளிலும் லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான்.

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்களுக்காக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய விடுதி வளாகம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 706 கோடி ரூபாய்; 18,720 பேர் தங்கலாம். 1940-இல் ஒருத்திக்கு விடுதி அறை கிடைத்ததையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் இங்கே தங்குகிறவர்கள் வேலைக்கு வந்தவர்கள். பிளஸ் டூவோடும் டிப்ளமோவோடும் படிப்பை நிறுத்தியவர்கள் அவர்களில் ஏராளம். வீட்டுக் கடனும் தம்பி படிப்பும் தங்கை கல்யாணமும் அவர்கள் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கின்றன.

அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. நல்ல திட்டம். பிளஸ் டூ முடித்ததும் வேலைக்கு வந்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி வேண்டும். நெடுஞ்சாலையோரத்துப் பொறியியல் கல்லூரிகள் ஷிஃப்டுக்கு ஏற்ற வகுப்புகளை நடத்தட்டும். ஆலைகள் கட்டணத்தில் பாதியை ஏற்கட்டும். வல்லம் வடகால் விடுதி வாசலிலிருந்து கல்லூரிக்கும் ஒரு பஸ் விடட்டும்.