தூய காற்றுச் சட்டம் (பிரித்தானியா)

நிலக்கரிப் புகையைக் கட்டுப்படுத்தப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1956இல் இயற்றிய சட்டம். பின்னர் வந்த திருத்தங்களையும் சேர்த்தே இப்பெயரால் குறிப்பதுண்டு.

இதற்கு நெடுங்காலம் முன்பே, முதலாம் எட்வர்டு மன்னர் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் (1306 என்பர், 1307 என்பாரும் உளர்) இலண்டன் சூளைகளில் நிலக்கரி எரிக்கத் தடை விதித்தார். மீறிய ஒருவர் தூக்கிலிடப்பட்டதாகப் பல நூல்கள் கூறினாலும் அதற்கு உறுதியான சான்றில்லை. 1661இல் ஜான் ஈவ்லின் என்பவர், புகை கக்கும் தொழில்களை வெளியேற்றி நகரைச் சுற்றி மணமலர்ச் செடிகள் நடும்படி இரண்டாம் சார்லசுக்கு எழுதினார். சட்டம் எதுவும் பிறக்கவில்லை. 1863ஆம் ஆண்டின் காரச் சட்டம், சோடா ஆலைகள் வெளியிட்ட ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் 95 விழுக்காட்டைப் பிடித்துவைக்கச் செய்தது. வீட்டுக் கணப்பை மட்டும் எச்சட்டமும் தொடவில்லை.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைப் புகைப்பனி மூடியது. குளிருக்காக வீடுதோறும் மட்டமான நிலக்கரி எரிந்தது, காற்றோ அசையவில்லை. பேருந்துகள் நின்றன. கால்நடைக் கண்காட்சிக்கு வந்த பரிசு மாடுகள் மூச்சுத் திணறி மாண்டன. விஸ்கியில் நனைத்த சாக்கை முகத்தில் கட்டிச் சில மாடுகளைக் காப்பாற்றினார்கள் என்றொரு செய்தியும் உண்டு. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள் புகை புகுந்ததால் இசை நாடகம் பாதியில் நின்றது. இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என்பது அன்றைய கணக்கு. அடுத்த மாதங்களில் நேர்ந்த சாவுகளை அரசு காய்ச்சலின் மேல் போட்டது. அவற்றையும் சேர்த்த பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன.

அரசு தயங்கித் தயங்கியே 1953இல் ஹியூ பீவர் தலைமையில் குழு அமைத்தது. குழுவின் அறிக்கைக்குப் பின் ஜெரால்டு நபாரோ என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் தனிமசோதா கொண்டுவந்து நெருக்கவே, அரசு தானே சட்டமியற்ற முன்வந்தது. அந்த 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சிகள் புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்க முடிந்தது. அங்கே கணப்பை மாற்றும் செலவில் பெரும்பங்கைப் பொதுப்பணம் ஏற்றது. சட்டம் வென்றதற்கு இந்த மானியமே முதற்காரணம் எனத் தோன்றுகிறது. எரிவாயுவும் மின்சாரமும் பரவியதால் புகை எப்படியும் குறைந்திருக்கும் என்று வாதிடுவோரும் உண்டு.

1968இல் உயரமான புகைபோக்கிகள் பற்றிய விதிகள் சேர்ந்தன. 1993இல் சட்டங்கள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. வீட்டு உபயோகத்துக்கான வழக்கமான நிலக்கரி விற்பனை இங்கிலாந்தில் 2023 மே முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.