முத்துக்கரையின் பற்பமும் உணவுக்குழாயின் இயக்கமும்: நோய்ப்பெயர்ப் பொருத்தம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

கொற்கை முதல் தூத்துக்குடி வரையிலான முத்துக்குளித்துறையின் வரலாறு வணிகம், பரதவர் சமூகம், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் ஆதிக்கம் ஆகிய கோணங்களிலேயே பெரிதும் பேசப்படுகிறது. அணிகலனுக்கு ஆகாத சிறு முத்துகளும், முத்தீன்ற சிப்பியும், அதே கடலில் குளித்தெடுத்த சங்கும் மருந்துக்குச் சென்றதை அவ்வளவாக எவரும் பேசுவதில்லை. முத்துப் பற்பம், முத்துச்சிப்பி பற்பம், சங்கு பற்பம் ஆகியவை சித்த மருத்துவத்தில் இன்றும் வழக்கில் உள்ளன. தூத்துக்குடியில் இயற்கை முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளித்தல் நிற்கவில்லை.

இம்மூன்று பொருள்களும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. இரைப்பை அமிலத்தைத் தணிக்க இன்று விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே உள்ளது. ஆகவே, குன்மத்திற்குச் சங்கு பற்பம் கொடுத்த வைத்தியரின் அனுபவத்தை வெறும் நம்பிக்கை என்று தள்ளுவதற்கில்லை. எரிச்சல் தணிந்தது; நோயாளி திரும்பவும் வந்து கேட்டார்.

சிக்கல் வேறிடத்தில் எழுகிறது. சித்த நூல்களின் சொற்களுக்கு இன்றைய நோய்ப்பெயர்களை நேராகப் பொருத்தும் போக்கு ஆய்வுலகில் உண்டு. குன்மம் எட்டு வகைப்படும். அவற்றுள் எரிகுன்மத்தை அமில மேலேற்றம் என்றும், சத்திகுன்மத்தை உணவுக்குழாய் அடைப்பு என்றும், மேல்நோக்குங்காலாகிய உதானனை உணவுக்குழாய்த் தசையின் இயக்கம் என்றும் எழுதிவிடுவது எளிது. ஆனால் உதானன் என்பது விக்கல், ஏப்பம், வாந்தி முதலிய மேல்நோக்கிய செயல்கள் அனைத்தையும் ஒருங்கே விளக்கும் கோட்பாடு. விழுங்கிய கவளமோ கீழ்நோக்கிச் செல்வது. இத்திசை வேறுபாடு ஒன்றே நேர்ப்பொருத்தத்தை ஐயுறப் போதுமானது.

ஐரோப்பிய மருத்துவத்திலும் இந்நோய் எளிதில் பிடிபடவில்லை. தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குச் சென்ற 1658ஆம் ஆண்டுக்குச் சற்றுப் பின், 1674இல், தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் விழுங்க இயலாத ஒருவரைப் பற்றி எழுதினார். திமிங்கிலத் தாடைத்தகட்டின் நுனியில் பஞ்சைக் கட்டி, உணவை இரைப்பைக்குள் தள்ளும் முறையை அவர் வகுத்தார். அந்நோயாளி பல்லாண்டுகள் அவ்வாறே உண்டு வாழ்ந்தார். சிகிச்சை கிட்டியதே தவிர, காரணம் விளங்கவில்லை. 1880களில் குரோனெக்கரும் மெல்ட்சரும் விழுங்குகையில் எழும் அழுத்தத்தைப் பலூன் கொண்டு அளந்தனர். 1913இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹெல்லர் கீழ்ச்சுருக்குத்தசையை வெட்டித் தளர்த்தினார். அத்தசை இறுகிப்போனது என்ற கருத்து, அது உரிய நேரத்தில் தளரவில்லை என்று பின்னரே திருந்தியது. அக்கலேசியா என்ற பெயரின் பொருளும் தளராமை என்பதே. 1950களில் அழுத்தமானி ஆய்வு நிலைபெற்றது. 2009இல் வெளிவந்த சிகாகோ வகைப்பாடு, பல உணரிகள் கொண்ட நுண்குழாயின் அளவீடுகளை வைத்து இயக்கக் கோளாறுகளைப் பிரித்தது. அதாவது, நோயின் பெயர் கருவியோடு சேர்ந்தே பிறந்தது. அக்கருவி இல்லாத காலத்துச் சுவடியில் அப்பெயரைத் தேடுவது வரலாற்று முறைக்கு ஒவ்வாது.

இது சொல்லாராய்ச்சியோடு நிற்கும் பூசல் அன்று. அக்கலேசியாவிலும் நெஞ்செரிச்சல் உண்டாகும். அங்கே அது பெரும்பாலும் இரைப்பை அமிலத்தால் அன்று, குழாயில் தேங்கிய உணவு புளிப்பதால் வருவது. எனவே அமில மேலேற்றம் என்று கருதி ஆண்டுக்கணக்கில் மருந்துண்ட நோயாளிகள் உலகெங்கும் உள்ளனர். அவர்களுக்குப் பற்பமும் மாத்திரையும் ஒன்றே: தசையை இரண்டும் தளர்த்துவதில்லை. உள்நோக்கியால் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்து, பேரியப் படமும் அழுத்தமானியும் பார்த்த பிறகே பலூன் விரிப்பு, ஹெல்லர் அறுவை, 2008இல் ஜப்பானில் இனோவே மனிதரிடம் முதலில் செய்த உள்நோக்கித் தசைவெட்டு ஆகியவற்றுள் ஏற்றது தேர்ந்தெடுக்கப்படுகிறது.

சுவடி ஆய்வாளர் கேட்கத்தக்க வினாக்கள் வேறு. தடைபட்டது திட உணவு மட்டுமா, தொடக்கம் முதலே நீரும் சேர்ந்தா? திரும்பி வந்தது புளித்த நீரா, செரிக்காத சோறா? படுத்தவுடன் வந்ததா? உடல் மெலிந்ததா? குன்மம் பற்றிய பாடல்களிலும், கடற்கரை வைத்தியர் குடும்பங்கள் வைத்திருக்கும் கைக்குறிப்புகளிலும் இவ்விவரங்களை வகை வகையாகத் தொகுத்தபின் பெயரிடலாம்.