ஜாகீர் துரையும் துபாஷிகளும்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பின் ஓரமாக உட்கார்ந்து, ஒரு வாசகி எழுதியிருந்த கடிதத்தை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் என்னை வசமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "உங்கள் தொடர்கதையில் ஒரு கதாநாயகன் தன்னந் தனியாகப் போய், ராஜாங்கத்தையே ஆட்டி வைக்கும் ஒரு ரகசியக் கூட்டத்தை வேரோடு பிடுங்குகிறானே, இப்படி எங்கேயாவது உண்மையில் நடந்திருக்கிறதா? அல்லது எல்லாம் பத்திரிகைக்காரர்கள் கொடுக்கும் பணத்துக்காகவா?" என்று கேட்டிருந்தார்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. முதல் கேள்விதான் மனத்தில் குறுகுறுத்தது. யோசித்துப் பார்த்தால், அப்படி ஒரு கதை அதே செங்கற்பட்டுச் சீமையிலேயே நடந்திருக்கிறது. அதற்கு முகமூடியோ சுரங்கப் பாதையோ விஷக் கத்தியோ கிடையாது. அதில் வரும் கூட்டத்தார் நெற்றியில் திருமண்ணோ திருநீறோ இட்டு, வெள்ளை வெளேரென்று அங்கி தரித்து, கணக்கும் கையுமாகப் பட்டப்பகலில் நடமாடியவர்கள். அவர்களுக்குத் துபாஷிகள் என்று பெயர்.

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர், அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் சென்னப்பட்டணத்தில் அந்த இரண்டு பாஷைகள் செய்த மாயம் கொஞ்சமல்ல. கும்பினியின் உத்தியோகத்துக்கு வரும் பதினேழு பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை மனக்கண்ணில் பாருங்கள். கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கிறது. அந்த நாளில் சென்னையில் துறைமுகம் ஏது? ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகு ஒன்று அவனை அலைமேல் தூக்கித் தூக்கிப் போட்டுக் கரை சேர்க்கிறது. உடை நனைந்து, குடல் புரண்டு, மணலில் அவன் கால் வைக்கும்போது, சிரித்த முகத்துடன் ஒருவர் கும்பிடு போட்டு நிற்கிறார். தங்க வீடு, ஏறப் பல்லக்கு, சமைக்க ஆள் எல்லாம் தயார். கையில் காசு இல்லையா? அதனால் என்ன, கடன் தருகிறேன் என்கிறார். பையனுடைய ஆரம்பச் சம்பளமோ மிகவும் சொற்பம். பத்து வருஷத்தில் அவன் பெரிய துரையாகிவிடுவான்; அதற்குள் கடன் மலையாக வளர்ந்திருக்கும். கும்பினியாருக்கு அவன் வேலைக்காரன். துபாஷிக்கு அவன் கடன்காரன். இரண்டு எஜமானர்களில் யார் பேச்சை அவன் கேட்பான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாத் துபாஷிகளும் அப்படி என்று சொன்னால் நான் பாவம் கட்டிக்கொள்வேன். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் துரையிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்த நாட்குறிப்பு இல்லாவிட்டால் அந்தக் காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது பாதியாகக் குறைந்திருக்கும். 1794-ல் காலமான பச்சையப்ப முதலியாரும் துபாஷிதான். அவர் தர்மத்துக்கென்று எழுதி வைத்த சொத்திலிருந்துதான் பின்னால் பள்ளிக்கூடமும் கல்லூரியும் எழும்பின. ஆனால் இந்தக் கதையில் வருபவர்கள் வேறு ரகம்.

அவர்களில் தலைசிறந்தவர் அவதானம் பாப்பையா. சென்னையில் சூளைப் பக்கம் போகிறவர்கள் அவர் பெயரால் ஒரு தெருவே இருப்பதைப் பார்க்கலாம். 1789-ல் ஜான் ஹாலண்டு என்பவர் சென்னைக்குக் கவர்னரானார். அவருடைய தம்பி எட்வர்டு ஹாலண்டும் பெரிய பதவியில் இருந்தார். சகோதரர்கள் இருவருக்கும் வலக்கை பாப்பையாதான். கவர்னரைப் பார்க்க வேண்டுமா, குத்தகை வேண்டுமா, எதிரி ஒருவன் ஒழிய வேண்டுமா, எல்லாவற்றுக்கும் வழி பாப்பையாவின் வீட்டுத் திண்ணை வழியாகத்தான் போயிற்று.

அப்போது ரெவின்யூ போர்டில் டேவிட் ஹாலிபர்ட்டன் என்ற அங்கத்தினர் ஒருவர் இருந்தார். பாரசீகம் படித்தவர், மொழிபெயர்ப்பாளர் உத்தியோகமும் அவரிடம் இருந்தது. துபாஷியின் உதவியில்லாமலே மனுக்களைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய துரை என்றால், அவர் எவ்வளவு அபாயமான பேர்வழி என்பதை யோசித்துப் பாருங்கள்! அவரைத் தொலைக்கப் பாப்பையாவின் கோஷ்டி கத்தி எடுக்கவில்லை, எழுத்தாணி எடுத்தது. பொய்ப் புகார்கள் தயாராயின. சாட்சிகள் தயாரானார்கள். ஹாலிபர்ட்டன் போர்டிலிருந்து நீக்கப்பட்டார்.

நாவலாயிருந்தால் அவர் அன்றிரவே மாறுவேஷம் பூண்டு புறப்பட்டிருப்பார். ஹாலிபர்ட்டன் செய்தது அதைவிடச் சலிப்பூட்டும் காரியம். காத்திருந்தார். 1790 பிப்ரவரியில் ஹாலண்டு பதவியை விட்டுப் போனார். காற்று திசை மாறியது. 1792 ஜூலையில் சென்னை நீதிமன்றத்தில், பாப்பையா, அவர் சகோதரர் ராமசாமி, வேங்கடாசலம் செட்டி, அப்பய்யங்கார் ஆகிய நால்வர் மீதும் சதி வழக்கு நடந்தது. குற்றம் ருசுவாயிற்று. வழக்கு விவரம் முழுவதும் அடுத்த வருஷமே லண்டனில் புத்தகமாக வெளிவந்தது. அதன் வாசனை ஸ்காட்லாந்து வரைக்கும் போய், ஸர் வால்ட்டர் ஸ்காட் 1827-ல் வெளியிட்ட ஒரு கதையில் பாப்பையாவைப் பாத்திரமாகவே நடமாட விட்டுவிட்டார். சூளைத் தெருவிலிருந்து புறப்பட்டு, ஸ்காட்டின் கதைக்குள் நுழைந்த தமிழ்நாட்டு வில்லன் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பாப்பையா விழுந்தார், கூட்டம் விழவில்லை. அதன் வேர் சென்னையில் இல்லை, செங்கற்பட்டுச் சீமையின் ஏரிக்கரைகளில் இருந்தது.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சாலையின் இருபுறமும் ஏரி ஏரியாகப் பார்த்திருப்பார்கள். ஏரிதான் இந்தச் சீமையின் உயிர். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி இந்தச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை இதன் மேல் பாய்ந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சீபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அதற்குப் பிறகு கிராமங்களைக் காக்க ஆளில்லை. யுத்தத்துக்குப் பின்னாலேயே பஞ்சமும் வந்தது. ஏரிக்கரைகள் உடைந்து கிடந்தன. ஜனங்கள் ஊரை விட்டு ஓடியிருந்தார்கள். இந்த நிலையில் கும்பினியார் செய்த புத்திசாலித்தனமான காரியம், நிலவரியைக் குத்தகைக்கு விட்டதுதான். பணம் வைத்திருந்தவர்கள் யார்? பட்டணத்துத் துபாஷிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும். குத்தகை அவர்களுடையது, கடன் அவர்களுடையது, கடன் அடையாதபோது மிராசுப் பங்கும் அவர்களுடையது. களத்து மேட்டில் நெல் குவியுமுன்பே அதன் மேல் பட்டணத்திலிருந்து ஒரு நிழல் விழுந்துகொண்டிருந்தது.

1794-ல் இந்த ஜாகீருக்குக் கலெக்டராக வந்தவர் லயோனல் பிளேஸ். நம் கதாநாயகர் என்று வைத்துக்கொள்வோம். தற்காலிகமாகத்தான் சொல்கிறேன்.

பிளேஸ் துரை சும்மா இருக்கத் தெரியாத மனிதர். கிராமம் கிராமமாகப் போனார். கணக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஓலைக் கணக்கைப் பிரிக்கச் சொன்னார். எந்த நிலம் எவ்வளவு விளைகிறது, யாருக்கு எவ்வளவு மேரை போகிறது, எவர் பெயரில் எவர் அனுபவிக்கிறார் என்பதை எல்லாம் துளைத்துத் துளைத்துக் கேட்டார். உடைந்த ஏரிகளைக் கட்டினார். கோயில் நிர்வாகத்திலும் புகுந்தார். 1798-ல் வேடந்தாங்கல் கிராமத்தார் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சோல்ஜர்கள் சுடுகிறார்கள் என்று முறையிட்டபோது, பறவைகளைப் பாதுகாக்கும் உரிமை அவர்களுக்கே என்று கௌல் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். இன்றைக்கும் மார்கழியில் அங்கே போய் நாரைகளைப் பார்க்கிறோமே, அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

சர்க்காருக்கு வரும்படி ஏறியது. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் அவர் போட்ட வரித்திட்டத்தை ஏற்க மறுத்து, ஊரை விட்டே வெளியேறினார்கள். விளைந்த நிலத்தை விட்டுவிட்டுப் போவதென்பது அந்தக் காலத்தில் குடியானவனிடம் இருந்த கடைசி ஆயுதம். போர்டுக்கு மனுக்கள் போயின. போர்டாரும் கலெக்டரைக் குடைந்தார்கள். பிளேஸ் அசையவில்லை. இதெல்லாம் பட்டணத்துத் துபாஷிகளின் தூண்டுதல். அப்பாவிக் குடிகளைப் பின்னாலிருந்து ஆட்டி வைப்பது அவர்கள்தான் என்று பக்கம் பக்கமாக எழுதினார். திரும்பி வராத மிராசுதார்களின் உரிமையைப் பறித்து வேறு பேருக்குக் கொடுத்தார். கவர்னர் ஹோபார்ட்டு பிரபுவின் ஆதரவு அவருக்கு இருந்தது.

இங்கேதான் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம். பிளேஸ் துரையின் வீரத்தைப் பற்றி நமக்கு விஸ்தாரமாகச் சொல்லும் சாட்சி யார்? பிளேஸ் துரைதான். 1799-ல் அவர் எழுதி முடித்த பெரிய அறிக்கையில் அவரே கதாநாயகர், அவரே ஆசிரியர். நானும் இருபது வருஷமாக வில்லன்களைத் தயார் செய்து வருகிறவன். கதையில் எந்த முடிச்சு அவிழவில்லையோ அங்கே ஒரு சதிகாரனை நிறுத்திவிட்டால் வேலை சுலபமாக முடியும் என்பது எனக்குத் தெரியும். மிராசுதார்கள் ஊரை விட்டுப் போனதற்குத் துபாஷி காரணமா, வரி காரணமா? பிளேஸுக்கு முதல் விடைதான் சௌகரியம். இரண்டாவது விடை உண்மையானால் அவரே அல்லவா வில்லனாகிவிடுவார்!

துபாஷிகள் ஒன்றும் கற்பனை அல்ல. பாப்பையாவைக் கோர்ட்டே ருசுப்படுத்திவிட்டது. பட்டணத்துப் பணக்காரர்கள் ஜாகீர் கிராமங்களில் மிராசும் சுரோத்திரியமும் சேர்த்ததும் நிஜம். ஆனாலும், ஒவ்வொரு மனுவுக்கும் பின்னால் ஒரு துபாஷி இருந்தான் என்று சொன்னால், பூந்தமல்லிக் குடியானவனுக்குச் சொந்தமாகக் கோபம் வராது என்று சொல்வதாகும். என் மனம் அதை ஒப்பவில்லை. அந்தக் குடியானவனுக்கும் கீழே, சேற்றில் நின்று உண்மையில் ஏர் பிடித்த பண்ணையாளின் குரலோ, எந்தத் தரப்புக் காகிதத்திலும் நேராகக் கேட்பதில்லை. அவனுக்கு துரை யார், மிராசுதார் யார், துபாஷி யார் என்பதெல்லாம் களத்தில் எவ்வளவு நெல் மிஞ்சியது என்பதைப் பொறுத்த விஷயம்.

பிளேஸ் 1798-ல் ஜாகீரை விட்டுப் போனார். பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் வாசகி அம்மாளுக்கு என் மேல் கோபம் வரும். 1802-ல் கும்பினியார் சாசுவத நிலவரித் திட்டத்தை ஜாகீருக்குக் கொண்டுவந்தார்கள். சீமையைத் துண்டு துண்டாக ஜமீன்களாக வகுத்து ஏலம் போட்டார்கள். ஏலம் எடுத்தவர்களில் பலர் யார் தெரியுமா? சென்னைப் பட்டணத்துத் துபாஷிகள்! திண்ணை வழியாக நுழைந்தவர்கள் இப்போது தலைவாசல் வழியாகவே வந்தார்கள். ஆனால் விதியின் கூத்தைப் பாருங்கள்: சில வருஷங்களுக்குள் அந்த ஜமீன்களில் பல தவணை கட்ட முடியாமல் முறிந்து, மறுபடியும் சர்க்கார் வசமே போய்ச் சேர்ந்தன. துரையால் செய்ய முடியாததை வானம் பார்த்த ஏரிகளும் கும்பினியின் கிஸ்தியும் செய்து முடித்தன.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் மதுராந்தகம் போனேன். அங்கே ஏரிகாத்த ராமர் கோயிலில் பிளேஸ் துரை இன்னும் உயிரோடிருக்கிறார். தாயார் சந்நிதியில் அவர் தர்மத்தைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ஸ்தல வரலாறு அவரைக் கர்னலாகவே உயர்த்திவிட்டது. பாவம், அவர் பட்டாளத்துக்காரரே அல்ல.

அர்ச்சகர் அந்தக் கதையைச் சொன்னார். வருஷா வருஷம் மழையில் ஏரிக்கரை உடையும். துரை பழுது பார்க்க வந்தபோது, தாயார் சந்நிதி சிதிலமாயிருக்கிறது, அதையும் கட்டித் தரவேண்டும் என்று கோயிலார் கேட்டார்கள். "உங்கள் சாமி இந்த வருஷம் கரையைக் காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன்" என்றார் துரை. அடைமழை பிடித்தது. நள்ளிரவில் குடையும் விளக்குமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு கரையைப் பார்க்கப் போனார். போனவர் திடீரென்று மண்டியிட்டார். ஆட்கள் வழுக்கி விழுந்துவிட்டாரென்று பதறித் தூக்க ஓடினார்கள். கரையின் மேல் வில்லும் அம்புமாக இரண்டு வாலிபர்கள் காவல் நிற்பதைப் பாருங்கள் என்றார் துரை. ஆட்களின் கண்ணுக்கு மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"அவாளுக்குக் கொடுத்து வைக்கவில்லை, ஸ்வாமி" என்றார் அர்ச்சகர்.

"கோயிலார் தமிழில் கேட்டதை துரைக்கும், துரை சொன்னதைக் கோயிலாருக்கும் யார் மாற்றிச் சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். "யாராவது ஒரு துபாஷ் கூட இருந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு, கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.